அட்வான்ஸ் யார் பணம்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மர்பி டவுனில் நமது சங்க அறைக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம். மகன் பெயிண்டர். தாய் இந்திராநகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கிறார். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு சிறிய போர்ஷனை லீசுக்கு எடுத்தார்கள். ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்ற பணமும், சீட்டு எடுத்த பணமும், அடகு வைத்த நகையும் சேர்ந்ததுதான் அந்த ஐந்து லட்சம். கெடு முடிந்து எட்டு மாதமாகிறது. மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. பணத்தைக் கேட்டால் வீட்டுக்காரர், "அடுத்த ஆள் வரட்டும்மா, வாங்கித் தரேன். நானா ஓடிப்போறேன்?" என்கிறாராம்.

வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். யாரோ பெரிய பணமூட்டை என்றுதான் நினைத்தேன். அந்தத் தாய் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னபோது என் தலை தாழ்ந்தது. அவர் நம்மவர். நம்மோடு கோரிக்கை அட்டை பிடித்து வெயிலில் நின்றவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தான் குடியிருந்த வீட்டின் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லையென்று நம் சங்கத்திடமே முறையிட வந்தவர்!

நேற்றைய குடியிருப்பாளன் இன்று வீட்டுக்காரனாகிவிட்டான். வாழ்க, மகிழ்ச்சி! ஆனால் நேற்று தன்னை அழவைத்தவனிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது என்ன? அழவைக்கும் வித்தையை மட்டும்தானா? இந்தக் கேள்வியை வெளியாரிடம் கேட்க நான் எழுதவில்லை. நமக்குள்ளே கேட்கவே எழுதுகிறேன்.

நாம் எப்படி வீட்டுக்காரர்கள் ஆனோம்?

1809ல் பெங்களூர் கண்டோன்மென்ட் ஏற்பட்டது முதல் பட்டாளத்தோடும், ரயிலோடும், கட்டட வேலையோடும் தமிழ் உழைப்பாளிகள் இங்கே வந்தபடி இருக்கிறார்கள். நாக்ஸ்பேட்டை என்ற பழைய பெயர் கொண்ட நம் மர்பி டவுன், கண்டோன்மென்ட் காலத்து இன்ஜினியர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஏழைகளும் மனிதர்கள், அவர்களுக்கும் காற்றோட்டமான வீடு வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த குடியிருப்பு இது. இங்கே ஒண்டுக் குடித்தனமாகத் தொடங்கிய நம் முன்னோர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருபதுக்கு முப்பது அடி மனையோ, அதிலும் பாதியோ வாங்கினார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் ஒரு மாடி எழுப்பினார்கள். பிள்ளைகள் கடன் வாங்கி இரண்டாம் மாடி எழுப்பினார்கள். 2011 அக்டோபரில் அல்சூர் வழியாக மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் வாடகையும் ஏறியது, ஆசையும் ஏறியது.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. உழைத்தவன் வீடு கட்டுவது குற்றமல்ல. மாடியை வாடகைக்கு விட்டு, முதுமையில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வதும் குற்றமல்ல. கணவனை இழந்த எத்தனையோ தாய்மார்கள் அந்த ஒரு போர்ஷன் வாடகையில்தான் கஞ்சி குடிக்கிறார்கள். அவர்களையும், ஐம்பது வீடு கட்டி விட்டிருக்கும் கோடீஸ்வரனையும் ஒரே தராசில் வைக்கும் மூடத்தனம் நமக்கு வேண்டாம். ஆனால் "நான் சின்ன ஆள்" என்பது நியாயத்துக்கு விதிவிலக்குச் சீட்டு ஆகிவிடாது. சின்ன ஆள் ஏமாற்றுவது தன்னைவிடச் சின்ன ஆளைத்தான்.

பத்து மாத அட்வான்ஸ் என்னும் பகல் கொள்ளை

பெங்களூரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாயிரம் வாடகை என்றால் அட்வான்ஸ் 90,000 ரூபாய். ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூலி வாங்கும் ஒருவன், சோறு தின்னாமல், பஸ் ஏறாமல், 150 நாள் உழைத்தால் சேரும் தொகை இது! ஆகவே கடன் வாங்குகிறான். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 2,700 ரூபாய். அந்த வீட்டுக்கு அவன் கொடுக்கும் உண்மையான வாடகை ஒன்பதாயிரம் அல்ல, 11,700. வீட்டுக்காரரோ அதே 90,000த்தை வங்கியில் ஆறு சத வட்டிக்குப் போட்டாலும் ஆண்டுக்கு 5,400 கிடைக்கும். ஒருவனுக்குக் கழுத்தில் சுருக்கு, இன்னொருவனுக்குக் கையில் வட்டி. இந்த வழக்கத்துக்குப் பாதுகாப்பு வைப்பு என்று பெயராம்! யாருக்குப் பாதுகாப்பு?

வீட்டைக் காலி செய்யும்போது இன்னொரு கத்தி விழுகிறது. பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். குடியிருந்தது பத்து மாதமானாலும் பத்து ஆண்டானாலும் ஒரே கணக்கு. சுவரில் சுண்ணாம்பு ஏறியதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? பெயிண்ட் அடிக்கும் தொழிலாளியிடமே பெயிண்டிங் சார்ஜ் பிடிக்கும் கொடுமையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வேறு இடங்களில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதமே உச்சவரம்பு என்கிறது. ஆனால் அது மாதிரிதான்; ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டம் செய்தால்தான் உயிர் வரும். இங்கே இருப்பது 1999ஆம் ஆண்டுக் கர்நாடக வாடகைச் சட்டம். அதுவும் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீட்டுக்குப் பொருந்தாது. இன்று 3,500க்குப் பெங்களூரில் என்ன கிடைக்கும்? ஷீட் போட்ட ஓர் அறையும் கிடைக்காது! ஏழைக்கென்று செய்த சட்டம் ஏழையைத் தொடாமலே நிற்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். நம்மை ஆண்ட அந்த நாட்டில் 2007 ஏப்ரல் முதல், வீட்டுக்காரர் வாங்கும் முன்பணத்தை அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வைத்தே ஆகவேண்டும். தகராறு வந்தால் நடுநிலையானவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதன் பொருள் என்ன? அட்வான்ஸ் வீட்டுக்காரர் பணமல்ல. குடியிருப்பவர் நம்பி ஒப்படைத்த பணம். கோயில் நகையைக் காவல் காக்கும் தர்மகர்த்தா அதை அணிந்துகொண்டு கல்யாணத்துக்குப் போகலாமா?

நானும் குற்றவாளிதான்

ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவன் தன் கதையை மறைக்கக்கூடாது. ரயில்வே கலாசியாக இருந்த என் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டில், மேல் போர்ஷனை நானும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, குடியிருந்த தோழர் கொடுத்திருந்த அறுபதாயிரம் ரூபாய் அட்வான்ஸை எடுத்து என் மகளைக் கல்லூரியில் சேர்த்தேன். "காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஆறு மாதம் கழித்து அவருடைய தாய்க்கு ஊரில் பக்கவாதம். குடும்பத்தோடு திரும்பிப் போகவேண்டிய நிலை. "அண்ணே, அட்வான்ஸ் குடுத்தா வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகும்" என்று வந்து நின்றார். என் கையில் நாலாயிரம்கூட இல்லை. "பத்து நாள் பொறுங்க" என்றேன். அந்தப் பத்து நாளும், மேலே அவர் நடக்கும் காலடிச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் கூட்டுறவுக் கடன் வாங்கிப் பதினேழாம் நாள் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பதினேழு நாளில் அவருடைய தாய்க்கு என்ன மருத்துவம் தவறியது என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியமில்லை.

மகள் படிப்பு நல்ல காரியம்தான். ஆனால் யார் பணத்தில் நல்ல காரியம்? கெட்ட எண்ணமே இல்லாத மனிதனும் அடுத்தவர் பணத்தைத் தொட்டுவிட்டால் அவன் நாணயம் அடுத்த ஆள் வருவதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

லீசு: கண்ணாமூச்சி ஆட்டம்

அட்வான்ஸாவது ஆயிரத்தில். லீசு லட்சத்தில்! மொத்தமாக ஒரு தொகை கொடு, மாத வாடகை வேண்டாம், கெடு முடிந்ததும் அப்படியே திரும்பத் தருகிறேன் என்கிறார்கள். நம் மக்களுக்கு இது சர்க்கரையாக இனிக்கிறது. "வாடகை மிச்சம், முதலும் பத்திரம்" என்று நம்புகிறார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது? கீழ்வீட்டு லீசுப் பணம் முதல் மாடிக்குச் சிமெண்ட் ஆகிறது. முதல் மாடி லீசு இரண்டாம் மாடிக்குக் கம்பி ஆகிறது. ஒருவர் காலி செய்தால் அடுத்தவர் பணத்தை வாங்கி அவரிடம் கொடுப்பது. சங்கிலி ஓடும்வரை எல்லோரும் யோக்கியர்கள். 2020ல் பொதுமுடக்கம் வந்து தொழிலாளர்கள் ஊருக்கு நடந்தபோது புதிய ஆள் வரவில்லை; சங்கிலி அறுந்தது. செங்கல்லாகிவிட்ட பணத்தைச் சுரண்டியா எடுக்க முடியும்?

இன்னொரு ஆபத்து வங்கி. வீட்டின் மேல் முன்பே கடன் இருக்கும். சொல்லாமல் லீசுக்கு விடுவார்கள். தவணை தவறினால் 2002ஆம் ஆண்டுச் சர்ஃபேசிச் சட்டப்படி, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பத்திரப் பதிவில்லாத லீசுத் தாளை வைத்துக்கொண்டு குடியிருப்பவர் எங்கே போய் முட்டிக்கொள்வது? மூன்றாவது ஆபத்து இடைத்தரகர். வீட்டுக்காரருக்கு மாத வாடகை தருவதாகச் சொல்லி வீட்டை எடுத்து, குடியிருப்பவரிடம் மொத்த லீசுப் பணத்தை வாங்கிக்கொண்டு, சில மாதத்தில் கடையை மூடிவிட்டு மறைந்தவர்கள் மீது இந்நகரில் போலீஸ் வழக்குகளே உண்டு.

இந்த லீசு முறை தென்கொரியாவிலும் இருக்கிறது. அங்கே அதற்கு ஜியோன்செ என்று பெயர். பல வீட்டுக்காரர்கள் ஒருவர் பணத்தைக் கொண்டு அடுத்த வீடு, அதன் பணத்தைக் கொண்டு இன்னொரு வீடு என்று வாங்கிக் குவித்தார்கள். 2022-23ல் வீட்டு விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்கள் பணத்தை இழந்து தெருவுக்கு வந்தன. சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி என்றால், மர்பி டவுன் மாடி வீட்டுக்கு எம்மாத்திரம்?

"என் வீடு, என் இஷ்டம்"

இப்படிச் சொல்லும் தோழர்களிடம் மூன்று கேள்விகள்.

ஒன்று. கர்நாடக அரசு 2023ல் கொண்டுவந்த கிருஹ ஜோதித் திட்டத்தில், 200 யூனிட் வரம்புக்குள் வீட்டு மின்சாரம் இலவசம். வாடகைக் குடித்தனத்துக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தும், நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தும், அரசு ஏழைக்குக் கொடுத்ததைத் தன் பைக்குத் திருப்பும் வீட்டுக்காரர்கள் நம்மில் இல்லையா?

இரண்டு. மனைக்கு அனுமதித்த மாடி எத்தனை, நீர் எழுப்பிய மாடி எத்தனை? 2021 செப்டம்பரில் லக்கசந்திராவில் மெட்ரோத் தொழிலாளர்கள் தங்கியிருந்த மூன்று மாடிக் கட்டடம் சரிந்தது. ஆட்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். 2024 அக்டோபரில் பாபுசாபாளையாவில் விதிமீறிக் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைக்க வந்தவர்கள் அவர்கள், நம்மைப் போலவே. ஒரு மாடி கூடுதல் வாடகைக்கு எத்தனை உயிரைப் பந்தயம் வைக்கிறோம்?

மூன்றாவது கேள்வியைக் கேட்க என் நாக்குக் கூசுகிறது. வீடு கேட்டு வருபவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமே, அது எதற்கு? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழர் வீடுகள் எரிந்தன. நான் அப்போது பள்ளிச் சிறுவன். எங்களை மூன்று நாள் தன் சமையலறையில் மறைத்து வைத்துச் சோறு போட்டவர் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி, கன்னடத்து அம்மாள். எங்கள் மொழியையோ சாதியையோ அவர் கேட்கவில்லை. "தமிழனுக்கு வீடில்லை" என்று சொன்னபோது கொதித்த நாம், இன்று சாதி பார்த்துச் சாவி கொடுக்கிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பையன்களைப் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராக அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். அவர்கள் நேற்றைய நாமல்லவா?

வீட்டுக்காரர் சொல்லும் நியாயம்

மறுபக்கத்தையும் கேட்போம். "மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாக ஓடுகிறவனுக்கு என்ன செய்வது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு மாத அட்வான்ஸ் அதற்குத்தான். அதற்கு மேல் நஷ்டம் வருமானால், அது முதல் போட்டவன் ஏற்கவேண்டிய நஷ்டம். கடை வைத்தவனுக்கு வரும் நஷ்டம் வீடு வைத்தவனுக்கு மட்டும் வரக்கூடாதா? "நான் வங்கிக்குத் தவணை கட்டுகிறேனே" என்கிறார்கள். தவணை முடிந்ததும் வீடு யாருக்குச் சொந்தம்? குடியிருந்தவனுக்கா? உமது கடனை அடைப்பவன் அவன். அந்த நன்றியாவது வேண்டாமா?

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதை மதித்தவர்கள் நம்மிலும் உண்டு. வாடகை வருமானம் மட்டுமே உள்ள ஒரு விதவைத் தாய் இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்ததோடு, கஞ்சியும் காய்ச்சி ஊற்றினார். இரண்டு மாடிக்காரர் ஒருவர் தண்ணீர்க் குழாயை மூடினார். ஆகவே, கையில் இருப்பது எவ்வளவு என்பதல்ல கேள்வி; கண்ணுக்கு எதிரில் இருப்பவனை மனிதனாகப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

செய்யவேண்டியது என்ன?

1915ல் கிளாஸ்கோ நகரத்து வீட்டுக்காரர்கள் போர்க்காலத்தில் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற குடும்பப் பெண்மணியின் தலைமையில் தாய்மார்கள் வாடகை தர மறுத்து நின்றார்கள். அந்த ஆண்டே அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஒற்றுமைக்கு அந்த வலிமை உண்டு. அரசிடம் நாம் கேட்பது மூன்று: முன்பணத்துக்கு இரண்டு மாத உச்சவரம்பு; அட்வான்ஸும் லீசும் தங்க ஒரு பொதுப் பாதுகாப்பு வைப்பு; 3,500 ரூபாய் என்ற கேலிக்கூத்து வரம்பை நீக்குதல்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு வைத்திருக்கும் தோழர்களுக்கு: அட்வான்ஸை இரண்டு மாதத்துக்குக் குறையுங்கள். வாங்கியதைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். வாடகைக்கு ரசீது கொடுங்கள். ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். திருப்பித் தர இன்றே கையில் வழி இல்லையென்றால் லீசுப் பணத்தை வாங்காதீர்கள்.

குடியிருக்கும் தோழர்களுக்கு: லீசு கொடுக்குமுன் வில்லங்கச் சான்று பாருங்கள். அதோடு நிற்காமல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்; அது வங்கியில் இருக்கிறதென்றால் கடன் இருக்கிறதென்று பொருள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். லீசைப் பதிவு செய்யுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தைக் காலி செய்ய 15 நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறிந்தால், ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போய் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. வாடகையை ஒழுங்காகக் கொடுங்கள். வீட்டைத் தன் வீடாக வைத்திருங்கள். உரிமை கேட்பவன் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

அந்தத் தாயின் ஐந்து லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தத் தோழரை அழைத்துப் பேசினோம். முதலில் கோபித்தார், பிறகு தலைகுனிந்தார். இரண்டு லட்சம் கொடுத்துவிட்டார். மீதிக்கு மாதத் தவணை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். கல்யாணம் தை மாதம். அதற்குள் முழுப் பணமும் வராது என்பது அந்தத் தாய்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வீட்டுக்காரத் தோழரே! இன்றிரவு படுக்கப் போகுமுன் மேல்மாடிக்காரர் கொடுத்த அட்வான்ஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாரும். வங்கியில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கும். சுவரிலோ, நகையிலோ, சீட்டிலோ இருந்தால், நாளைக் காலையே அதை மீட்கும் வழியைத் தேடும். அவர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராதேயும்!